"சேர், லொகின் ஆகுதில்லை": பாடசாலை டொமைனில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குதல்

காலை 7:40. தரம் 10 பிள்ளைகள் கணினி ஆய்வுகூடத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, மூலையிலிருந்து ஒரு குரல்: "சேர், லொகின் ஆகுதில்லை."

இந்த இடத்தில் கை தானாகவே கடவுச்சொல்லை ரீசெட் செய்யப் போகும். போக விடாதீர்கள். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு பாடசாலையின் வலையமைப்பை நான் பார்க்கத் தொடங்கிய புதிதில் ஒரு தவணை முழுக்க ரீசெட் செய்துகொண்டே இருந்தேன். பிள்ளைகள் சரியான கடவுச்சொல்லைத்தான் அடித்திருக்கிறார்கள் என்பது தவணை முடிவில்தான் விளங்கியது.

ரீசெட்டுக்கு முன் ஒரு நிமிடச் சோதனை. அதே பிள்ளையைப் பக்கத்துக் கணினியில் லொகின் செய்யச் சொல்லுங்கள். பிள்ளை எழும்பிய கதிரையில் இன்னொரு பிள்ளையை இருத்துங்கள். பிழை பிள்ளையோடு போகிறதா, கணினியோடு நிற்கிறதா, அல்லது அறை முழுக்கவா? பிள்ளையோடு போனால் கணக்கில் கோளாறு. கணினியோடு நின்றால் அந்தக் கணினியில். அறை முழுக்க என்றால் சேர்வர், டிஎன்எஸ் (பெயரைக் கேட்டு முகவரி சொல்லும் சேவை), அல்லது இடையில் ஓடும் வயர்.

பாடசாலைக் கணினிகளையும் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் கூட்டம்தான் டொமைன். அதைத் தாங்கும் மைக்ரோசொஃப்டின் அக்டிவ் டிரெக்டரி என்ற பெயரைக் கேட்டே பின்வாங்கும் ஆசிரியர்களுக்கு நான் அதை இடாப்பு என்றுதான் சொல்லிக் கொடுப்பேன். அலுவலகத்துச் சேர்வு இடாப்பில் பிள்ளையின் பெயர், சேர்விலக்கம், வகுப்பு இருப்பதுபோல இதில் ஒவ்வொரு பயனருக்கும், கணினிக்கும், பிரின்டருக்கும், குழுவுக்கும் ஒரு பதிவு உண்டு. ஆய்வுகூடக் கணினி தன் பாட்டில் யாரையும் உள்ளே விடுவதில்லை. இடாப்பை வைத்திருக்கும் டொமைன் கொன்ட்ரோலரிடம் கேட்டுத்தான் விடும். விண்டோஸ் 2000 சேர்வரோடு வந்த ஏற்பாடு இது. லைசன்ஸுக்குக் காசில்லாவிட்டால் லினக்ஸில் சம்பா 4 போட்டும் இதை ஓட்டலாம்.

கேட்பதற்குக் கணினிக்கு நாலு சாமான் வேண்டும்: ஒரு ஐபி முகவரி, கொன்ட்ரோலர் எங்கே என்று காட்ட டிஎன்எஸ், இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் நேரம், கணினிக்கே உரிய ஒரு கடவுச்சொல். இத்தனை வருடத்தில் இடாப்பே பழுதானதை நான் கண்டது மிகக் குறைவு. கேட்கப் போன கணினி வழியில் தடக்கி விழுந்ததுதான் கூட.

அறை முழுக்க "டொமைன் கிடைக்கவில்லை"

கமாண்ட் விண்டோவைத் திறந்து ஐபிகொன்ஃபிக் கட்டளையை ஸ்லாஷ் ஓல் சேர்த்து அடியுங்கள். முகவரி 169.254 என்று தொடங்கினால் முகவரி பகிரும் டிஎச்சிபி சேவையிடமிருந்து கணினிக்குப் பதிலே கிடைக்கவில்லை, அது தானாகவே ஒரு முகவரியைப் போட்டுக்கொண்டிருக்கிறது. கரண்ட் போய் வந்த காலைகளில் இது வழக்கம். கணினிகள் முந்தி எழும்பிவிடும், சேர்வர் பிந்தி எழும்பும். 2022இல் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்த மாதங்களில் இதைத் தினமும் பார்த்தோம். சேர்வரும் சுவிட்ச்சும் முழுதாக எழும்பிய பிறகு கணினிகளை மறுபடி தொடக்கினால் போதும். யூபிஎஸ் ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதைச் சேர்வருக்குக் கொடுங்கள், அதிபர் அறைக் கணினிக்கு அல்ல. சொல்வது எளிது, தெரியும்.

முகவரி சரியாகத்தான் தெரிகிறது, ஆனால் உங்கள் வலையமைப்பின் எண்வரிசை இல்லை என்றால், அதே பட்டியலில் டிஎச்சிபி சேர்வர் என்ற வரியைப் பாருங்கள். அங்கே உங்கள் சேர்வரின் முகவரி இல்லாமல் 192.168.1.1 மாதிரி ஏதாவது நின்றால், யாரோ வீட்டு ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் உள்ள நெட்வேர்க் பொயின்டில் செருகிவிட்டார்கள். நான் இதைத் தேடி இரண்டு நாள் அலைந்திருக்கிறேன். கடைசியில் ஆசிரியர் ஓய்வறையில், தேநீர்ப் பிளாஸ்க் வைக்கும் மேசைக்குப் பின்னால், பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டு இருந்தது. "வைஃபை சரியில்லை எண்டுதான் தம்பி வச்சனாங்கள்" என்றார் ஒரு மிஸ். அவரைப் பிழை சொல்ல முடியாது, வைஃபை உண்மையிலேயே சரியில்லை. சுவிட்ச்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். அதன்பிறகு நீங்கள் அனுமதித்த போர்ட்டைத் தவிர வேறெங்கிருந்தும் முகவரி பகிர முடியாது.

சேர்வர் மறுபடி எழும்பியும் யாருக்கும் வழி விடாமல் இருந்தால் சேர்வரின் முன்னால் போய் உட்கார்ந்து அதன் வலையமைப்பு வகை என்ன என்று பாருங்கள். டொமைன் என்று காட்ட வேண்டிய இடத்தில் பப்ளிக் என்று காட்டினால், அதன் ஃபயர்வோல் தன் பிள்ளைகளையே அந்நியராக நினைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறது. நெட்வேர்க் அடப்டரை ஒருமுறை டிசேபிள் செய்து எனேபிள் செய்தால் பெரும்பாலும் சரிவரும்.

சில நேரம் போகுது, சில நேரம் போகுதில்லை

இது டிஎன்எஸ். வேறெதையும் தேட முன் இதைப் பாருங்கள்.

கணினி கொன்ட்ரோலரைத் தேடுவது டிஎன்எஸ்ஸில் உள்ள எஸ்ஆர்வி பதிவுகள் மூலம். "இந்த டொமைனுக்கு லொகின் சேவை தருவது யார், எந்தப் போர்ட்டில்" என்பதை அந்தப் பதிவுதான் சொல்லும். அது இருப்பது உங்கள் கொன்ட்ரோலரின் டிஎன்எஸ்ஸில் மட்டும். பலர் செய்யும் வேலை என்னவென்றால், முதல் டிஎன்எஸ்ஸாகக் கொன்ட்ரோலரையும், "ஒரு பாதுகாப்புக்கு" இரண்டாவதாகக் கூகிளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8ஐயும் போடுவது. கொன்ட்ரோலர் ஒரு கணம் பதில் சொல்லப் பிந்தினால் கணினி இரண்டாமவரிடம் போகும். அவரோ, "அப்படி ஒரு டொமைனே கிடையாது" என்று அடித்துச் சொல்வார். பதில் வரவில்லை என்றால்தான் கணினி இன்னொருவரைக் கேட்கும். "இல்லை" என்பதும் அதற்கு ஒரு பதில்தான், அதை நம்பித் தேடலை நிறுத்திவிடும். இன்டர்நெட் ஓடும், யூடியூப் ஓடும், லொகின் மட்டும் ஓடாது.

கிளையன்ட் கணினிகளில் கொன்ட்ரோலரின் முகவரியைத் தவிர வேறு எந்த டிஎன்எஸ்ஸும் இருக்கக்கூடாது. இன்டர்நெட் பெயர்களுக்கு வழி வேண்டுமென்றால் கொன்ட்ரோலரின் டிஎன்எஸ்ஸுக்குள் ஃபோர்வர்டர் என்ற இடத்தில் 8.8.8.8ஐப் போடுங்கள். அது அங்கே இருக்க வேண்டிய சாமான். இரண்டாவது முகவரி கட்டாயம் வேண்டுமென்றால் இரண்டாவது டொமைன் கொன்ட்ரோலர் ஒன்றை வையுங்கள். பழைய கணினி ஒன்றில் ஓடினாலும் பரவாயில்லை.

சரிபார்க்க: என்எஸ்லுக்அப் கட்டளையோடு உங்கள் டொமைனின் பெயரை அடியுங்கள். கொன்ட்ரோலரின் உள் முகவரி வந்தால் சரி. அது வராவிட்டால் கடவுச்சொல்லைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

மிஸ்ஸுக்குப் போகுது, பிள்ளைகளுக்குப் போகுதில்லை

ஆளைப் பார்த்து வரும் கோளாறு போலத் தெரியும். ஆனால் அறை முழுக்கக் கொன்ட்ரோலரை எட்டவில்லை என்பதுதான் பெரும்பாலும் உண்மை. ஒரு கணினியில் முன்பு லொகின் செய்தவர்களில் கடைசிப் பத்துப் பேரின் சரிபார்ப்பை விண்டோஸ் தன்னுள்ளே சேமித்து வைத்திருக்கும். மிஸ் அந்தக் கணினியைத் தினமும் பாவிக்கிறார், அதனால் இடாப்பைக் கேட்காமலே உள்ளே போகிறார். புதிதாக வந்த பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. மிஸ்ஸின் கணினியில் பொதுக் கோப்புறை திறக்கிறதா என்று கேளுங்கள். "இல்லை தம்பி, அதுவும் காலையில இருந்து வருதில்லை" என்பார். மேலே உள்ள இரண்டு பகுதிக்கும் திரும்பிப் போங்கள்.

ஒரு கணினி மட்டும்: நேரம் பொருந்தவில்லை என்ற செய்தி, அல்லது சும்மா மறுப்பு

டொமைனில் அடையாளம் பார்ப்பது கேர்பரோஸ். அது கொடுக்கும் டிக்கெட்டுக்கு நேர முத்திரை உண்டு. கணினிக்கும் கொன்ட்ரோலருக்கும் இடையில் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், வேறு எதையும் மாற்றாத டொமைனில், அந்த டிக்கெட் செல்லாது.

பழைய கணினியில் காரணம் மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பட்டரி. கரண்ட் போனதும் திகதி பல வருடம் பின்னால் போய்விடும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் மட்டுமல்ல, கைக்கடிகாரம் திருத்தும் எந்தக் கடையிலும் இந்தப் பட்டரி கிடைக்கும். ஒரு கைப்பிடி வாங்கி மேசை லாச்சியில் வைத்திருங்கள்.

இதைவிடக் கள்ளமானது டைம் சோன் பிழை. இதில் நான் ஏமாந்த கதையை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கண்ணால் பார்த்தால் பிடிபடாது. சுவர்க் கடிகாரம் 7:45. கணினியின் மூலையிலும் 7:45. எல்லாம் சரி என்று திரும்பிவிட்டேன். ஆனால் அந்தக் கணினியை அமைத்தவர் பட்டியலில் டாக்காவைத் தெரிவு செய்து, மணி அரை மணித்தியாலம் முன்னே காட்டவும், டைம் சோனைத் தொடாமல் மணியை மட்டும் கையால் பின்னுக்கு இழுத்திருக்கிறார். கேர்பரோஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, உலக நேரத்தைப் பார்க்கிறது. கொழும்பு நேரப்படி 7:45 என்றால் உலக நேரம் 2:15. டாக்கா நேரப்படி 7:45 என்றால் 1:45. முகத்தில் ஒரே மணி, உள்ளே 30 நிமிட வித்தியாசம். நம் நாட்டில் இந்தக் குழப்பத்துக்குக் கதை வேறு உண்டு: 1996இல் இலங்கை நேரத்தை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில்தான் மறுபடி 5:30க்குக் கொண்டுவந்தார்கள். அந்த இடைக்காலத்தில் பழகிய சிலர் கை இன்னும் 6 மணித்தியாலத்துக்குப் போகும். விண்டோஸ் பட்டியலில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்று தனியாகவே ஒரு வரி இருக்கிறது, அதைத் தெரிவு செய்யுங்கள். தவறிச் சென்னை, கொல்கத்தா வரியைத் தெரிந்தாலும் லொகினுக்குப் பாதகமில்லை, இரண்டும் 5:30தான்.

கொன்ட்ரோலர் வெளியே உள்ள நேரச் சேர்வர் ஒன்றோடும், மற்றக் கணினிகள் கொன்ட்ரோலரோடும் ஒத்துப்போக வேண்டும். கொன்ட்ரோலரின் மணியே பிழை என்றால் எல்லோரும் சேர்ந்து பிழையாக ஓடுவார்கள், லொகினில் ஒன்றும் தெரியாது. இணையத்தளங்களின் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் கத்தத் தொடங்கும்போதுதான் வெளிச்சத்துக்கு வரும்.

"ட்ரஸ்ட் ரிலேஷன்ஷிப் முறிந்தது"

கணினியும் இடாப்பில் ஒரு ஆள்தான். அதற்கும் கடவுச்சொல் உண்டு, 30 நாளுக்கு ஒருமுறை அது தானாகவே மாற்றிக்கொள்ளும். கணினி தன்னிடம் வைத்திருப்பதும் இடாப்பில் இருப்பதும் பொருந்தாமல் போனால் இந்தச் செய்தி வரும்.

டிசெம்பர் விடுமுறையில் கணினிகள் பூட்டிக் கிடந்ததால் வந்தது என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. கடவுச்சொல்லை மாற்றத் தொடங்குவது கணினிதான். அது உறங்கிக் கிடந்தால் மாற்றமும் நடக்காது, மறுபடி எழும்பியதும் பழையதே செல்லும். உண்மைக் காரணம் கணினி பழைய நிலைக்குத் திரும்பியது. ஆய்வுகூடங்களில் பிள்ளைகள் செய்யும் குழப்படியை அழிக்க, ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் வன்தட்டைப் பழைய நிலைக்குத் திருப்பும் மென்பொருள் போடுகிறோமே, அதுதான் முதல் சந்தேகம். கணினி புதுக் கடவுச்சொல்லை இடாப்பில் பதிந்துவிட்டு மறுதொடக்கத்தில் அதைத் தானே மறந்துவிடுகிறது. அப்படி உறைய வைத்த கணினிகளுக்கு மட்டும், கணினிக் கடவுச்சொல் மாறுவதை நிறுத்தும் பொலிசி (கொன்ட்ரோலரிலிருந்து கணினிகளுக்குப் போகும் விதி) ஒன்று உண்டு, அதைப் போடுங்கள். இரண்டாவது சந்தேகம், ஒரே இமேஜை (ஒரு கணினியின் வன்தட்டுப் பிரதியை) ஒழுங்காகச் சிஸ்பிரெப் செய்யாமல், அதாவது அதன் தனி அடையாளத்தை நீக்காமல், பல கணினிகளில் இறக்கியது.

திருத்தம்: டொமைனிலிருந்து கழற்றி மறுபடி சேர்க்கும் வழக்கத்தை விடுங்கள். கணினியின் லோக்கல் அட்மின் கணக்கால் உள்ளே போய், பவர்ஷெல்லில் டெஸ்ட்-கொம்பியூட்டர்செக்யூர்சனல் கட்டளையை ரிப்பெயர் தெரிவோடு ஓட்டினால் ஒரு நிமிடத்தில் முடியும். லோக்கல் அட்மின் கடவுச்சொல் யாருக்கும் ஞாபகமில்லையா? நெட்வேர்க் வயரைக் கழற்றிவிட்டு, அந்தக் கணினியில் முன்பு வேலை செய்த அட்மின் அதிகாரமுள்ள டொமைன் கணக்கால் லொகின் செய்து பாருங்கள். சேமித்து வைத்த சரிபார்ப்பு இங்கே கைகொடுக்கும். உள்ளே போனதும் வயரைச் செருகுங்கள்.

கழற்றிச் சேர்க்கத்தான் வேண்டும் என்றால் ஒன்று கவனம். 2022 ஒக்டோபருக்குப் பிறகு வந்த விண்டோஸ் அப்டேட்டுகளில், இடாப்பில் ஏற்கனவே உள்ள கணினிப் பதிவை வேறொருவர் மீளப் பயன்படுத்துவதைத் தடுத்திருக்கிறார்கள். முதலில் சேர்த்தவரின் கணக்காலேயே சேருங்கள், அல்லது டொமைன் அட்மின் ஒருவரைக் கூப்பிட்டு இடாப்பில் உள்ள பழைய பதிவை அழித்துவிட்டுச் சேருங்கள்.

புதுக் கணினி டொமைனில் சேருதில்லை

சேர்க்கும் பொத்தானே இல்லை என்றால் விண்டோஸ் ஹோம் பதிப்பு. பழைய மாணவர் சங்கம் அன்பளிப்பாகத் தரும் மடிக்கணினிகளில் இதுதான் வரும். ஹோம் பதிப்பு டொமைனில் சேராது, புரோவுக்கு மாற்ற வேண்டும். அன்பளிப்பு வாங்க முன்பே இதைச் சொல்லிவிட்டால் சங்கடம் குறையும்.

பத்துக் கணினி சேர்ந்தது, பதினோராவது சேரவில்லை என்றால் கணினியில் பிழையில்லை. சாதாரணப் பயனர் ஒருவர் பத்துக் கணினியை மட்டுமே டொமைனில் சேர்க்கலாம் என்பது ஆரம்ப ஒழுங்கு. தகவல் தொடர்பாடல் தொழினுட்ப ஆசிரியர் தன் சொந்தக் கணக்கால் சேர்த்துக்கொண்டு போயிருப்பார். கணினி சேர்ப்பதற்கென்று ஒரு கணக்கு வைத்து, அதற்கு அந்த ஒரு உரிமையை மட்டும் கொடுங்கள். மற்றவர்களுக்கு அந்தப் பத்தைப் பூச்சியமாக்குங்கள். இல்லாவிட்டால் உயர்தரப் பிள்ளை ஒருவர் வீட்டு மடிக்கணினியைக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். சேர்த்தார்.

கடவுச்சொல் சரி என்று பிள்ளை சத்தியம் பண்ணுது

முதலில் லொகின் திரையின் கீழ் மூலையில் மொழிக் குறியீட்டைப் பாருங்கள். முந்தின பாடவேளையில் சிங்கள மொழிமூல வகுப்பு இருந்து, யாரோ சிங்கள விசைப்பலகையோடு கணினியைப் பூட்டிப் போயிருந்தால், பிள்ளை அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் வேறொன்றாகிறது. கடவுச்சொல் புள்ளிகளாகத்தான் தெரியும், அதனால் பிள்ளைக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தமிழ் விசைப்பலகையிலும் இதே கதை. விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மாறும். மும்மொழி ஓடும் கொழும்புப் பாடசாலைகளில் ரீசெட் கேட்டு வருபவர்களைப் பாதியில் திருப்பி அனுப்ப இந்த ஒரு பார்வை போதும். லொகின் திரையில் எப்போதும் ஆங்கில விசைப்பலகையே வரும்படி பொலிசியில் கட்டிவிடவும் முடியும்.

தவணை தொடங்கிய முதல் நாள் ஒரேயடியாகப் பலருக்கு என்றால், கடவுச்சொல் காலாவதி. தானாக வரும் பொலிசியில் 42 நாள். ஓகஸ்ட் விடுமுறையும் அதற்கு முந்தின வாரங்களும் சேர்ந்தால் போதும். பிள்ளைகளுக்குத் தனி விதி வைக்க டொமைன் முழுவதையும் மாற்றத் தேவையில்லை. சேர்வர் 2008 தொடங்கி ஒரு குழுவுக்கு மட்டும் வேறு கடவுச்சொல் விதி போடலாம்.

தினமும் காலையில் ஒரே கணக்கு லொக் ஆகுது

சங்கீத மிஸ் ஒருவருக்கு ஒரு வாரம் தொடர்ந்து காலை 7:20க்கும் 7:30க்கும் இடையில் கணக்கு லொக் ஆகும். ஆய்வுகூடம் திறக்க முன்பே. லொக்கைத் திறந்து விடுவேன், அடுத்த நாள் மறுபடி. "என்ட கணக்க யாரோ ஹெக் பண்றாங்க தம்பி" என்று அதிபரிடமும் போய்ச் சொல்லிவிட்டார்.

லொக் ஆன கணக்கின் தடயம் கொன்ட்ரோலரின் செக்யூரிட்டிப் பதிவேட்டில் 4740 என்ற இலக்கத்தோடு விழும். பல கொன்ட்ரோலர்கள் இருந்தால் பிடிசி எமுலேட்டர் பொறுப்பில் உள்ளதைப் பாருங்கள், எல்லா லொக்கவுட்டும் அங்கே வந்து சேரும். அந்தப் பதிவில் எந்தக் கணினியிலிருந்து பிழையான கடவுச்சொல் வந்தது என்று பெயர் இருக்கும். மிஸ்ஸின் பதிவில் இருந்தது வைஃபையில் நுழைபவர்களைச் சரிபார்க்கும் சேர்வரின் பெயர். அதாவது கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததும் கைப்பையில் இருந்த ஃபோன், மாற்றுவதற்கு முந்தின பழைய கடவுச்சொல்லோடு, வைஃபையில் சேர முயன்று முயன்று, பிழையான கடவுச்சொல்லுக்கு நாங்கள் எல்லையாக வைத்திருந்த ஐந்து தடவையையும் முடித்துவிடுகிறது. ஃபோனில் அந்த வைஃபையை மறக்கச் செய்து புதிதாகச் சேர்த்தோம். ஹெக்கர் அதோடு போய்விட்டார்.

ஃபோன் இல்லையென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியவை: வேறொரு கணினியில் வெளியேறாமல் (லொக் ஓஃப் செய்யாமல்) விட்டுப்போன செஷன், கிரெடென்ஷியல் மனேஜரில் சேமித்த பழைய கடவுச்சொல், பழைய கடவுச்சொல்லோடு மெப் செய்த டிரைவ்.

கோப்புறை திறக்குதில்லை, குழுவில் சேர்த்தும்

சேர்த்த பின் அந்த ஆள் லொக் ஓஃப் செய்து மறுபடி வந்தாரா? எந்தக் குழுக்களில் இருக்கிறார் என்ற பட்டியல் லொகின் செய்யும் கணத்தில் கையில் கொடுக்கப்படுகிறது. இடையில் சேர்த்தால் அந்தப் பட்டியலில் வராது. ஜனவரியில் தரம் 10 குழுவிலிருந்து தரம் 11க்கு மாற்றும்போது வரும் முறைப்பாடு முழுக்க இதுதான்.

அதன் பிறகும் இல்லை என்றால், கோப்புறைக்கு இரண்டு பூட்டு இருப்பதை நினையுங்கள்: வலையமைப்பு வாசலில் ஷெயர் உரிமை ஒன்று, வன்தட்டில் உள்ள கோப்புறையிலேயே என்டிஎஃப்எஸ் உரிமை ஒன்று. வலையமைப்பு வழியாக வருபவருக்கு இரண்டில் இறுக்கமானதுதான் செல்லும். ஷெயர் பூட்டைத் தளர்வாக விட்டு, கட்டுப்பாட்டை என்டிஎஃப்எஸ்ஸில் மட்டும் வைத்தால் ஒரே இடத்தில் பார்க்கலாம். டினை (மறுப்பு) என்பதை முடிந்தவரை தொடாதீர்கள். நூலகத்தில் உதவி செய்யும் உயர்தரப் பிள்ளை மாணவர் குழுவிலும் இருப்பார், நூலக உதவியாளர் குழுவிலும் இருப்பார். அதே கோப்புறையில் மாணவருக்கு டினை போட்டிருந்தால் உதவியாளருக்குக் கொடுத்த அனுமதி எடுபடாது. அனுமதி கொடுக்காமல் விட்டாலே மறுத்ததுதான்.

கொன்ட்ரோலரின் பெயரைப் போட்டால் ஷெயர் திறக்கவில்லை, ஐபி முகவரியைப் போட்டால் திறக்கிறது என்றால் உரிமையில் தேடாதீர்கள். பெயர் வழியாகப் போனால் கேர்பரோஸ், முகவரி வழியாகப் போனால் என்டிஎல்எம் என்ற பழைய சரிபார்ப்பு முறை. டிஎன்எஸ்ஸையோ நேரத்தையோ போய்ப் பாருங்கள்.

பொலிசி வந்து சேருதில்லை

புதிதாகச் சேர்த்த கணினிக்கு மட்டும் என்றால், அது இன்னும் கொம்பியூட்டர்ஸ் என்ற பொதுப் பெட்டிக்குள் கிடக்கிறது. அது ஓயூ (இடாப்பில் நாமே பிரித்து வைக்கும் பிரிவு) அல்ல, அதோடு நேரே குரூப் பொலிசியைக் கட்ட முடியாது. கணினியை ஆய்வுகூட ஓயூவுக்குள் இழுத்துப் போடுங்கள்.

மற்றபடி ஜிபிரிசல்ட் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். எந்தப் பொலிசி வந்தது, எது ஏன் வடிகட்டப்பட்டது என்று சொல்லும். யூசர் அமைப்புகள் பயனர் இருக்கும் ஓயூவைப் பின்பற்றும், கணினி அமைப்புகள் கணினி இருக்கும் ஓயூவை. ஆய்வுகூடத்தில் யார் உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி டெஸ்க்டொப் வர வேண்டும் என்றால் லூப்பேக் வேண்டும், அதாவது யூசர் அமைப்புகளையும் கணினி இருக்கும் ஓயூவிலிருந்தே எடுக்கச் செய்யும் தெரிவு. ஒரு குழுவுக்கு மட்டும் என்று வடிகட்டிய பொலிசி எடுபடவில்லை என்றால், கணினிகளுக்கு அந்தப் பொலிசியை வாசிக்கும் உரிமை இருக்கிறதா பாருங்கள். 2016 ஜூன் அப்டேட்டுக்குப் பிறகு யூசர் பொலிசியையும் கணினியின் அடையாளத்தில்தான் வாசிக்கிறது. மாற்றம் செய்த உடனே எதிர்பார்க்கவும் வேண்டாம். தானாகப் புதுப்பிக்க 90 நிமிடமும் அதற்கு மேல் அரை மணித்தியாலம் வரையும் எடுக்கும், அவசரமென்றால் ஜிபிஅப்டேட்.

பிரின்டர் மட்டும் அட்மின் கடவுச்சொல் கேட்கிறது என்றால் அது 2021இன் பிரின்ட்நைட்மெயார் ஓட்டைக்குப் போட்ட ஒட்டு. டிரைவரை முன்கூட்டியே கணினிகளில் நிறுவிவிடுங்கள். அந்த ஒட்டைக் கழற்றச் சொல்லும் வழிமுறைகள் நிறைய உலவுகின்றன, தொட வேண்டாம்.

புதுப் பிள்ளைகளின் பட்டியலை ஏற்றும்போது பாதியில் நிற்குது

பெயரால் பயனர்பெயர் அமைத்த பாடசாலைகளுக்கு மட்டும் வரும் நோய் இது. பழைய பாணிப் பயனர்பெயருக்கு 20 எழுத்துதான் எல்லை. சிவபாலசுப்பிரமணியம் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினாலே 20 ஆகிவிடும். முன்னால் தகப்பனின் முதலெழுத்தும் புள்ளியும் சேர்த்தால் 22. ஏற்றும் ஸ்கிரிப்ட் அந்த வரியில் விழுந்துவிடும். கையால் சேர்த்தால் விண்டோஸ் வாலை வெட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும், பிள்ளை முழுப்பெயரை அடித்துக்கொண்டு நிற்கும். பிறகு ஒரே பெயரைப் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் பிள்ளையின் கொப்பியில் இன்னொரு மாதிரியும் ஆங்கிலத்தில் எழுதுவது. முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டு கட்டத்தில் நம் பெயரை எங்கே வெட்டுவது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுவது.

சேர்விலக்கத்தைப் பயனர்பெயராக வையுங்கள். அது குட்டையானது, இருவருக்கு வராது, பிள்ளை பாடசாலையை விட்டுப் போகும்வரை மாறாது. முழுப்பெயரை டிஸ்பிளே நேமில் தமிழிலேயே எழுதலாம், அது ஏற்றுக்கொள்ளும். நாங்கள் மாற்றிய வருடம் தரம் 6 பட்டியல் முழுவதும் ஒரே தடவையில் ஏறியது.

அழித்த கணக்கை அதே பெயரில் திரும்பப் போட்டும் கோப்புகள் திறக்குதில்லை

இடாப்புக்கு ஆள் பெயரல்ல, எஸ்ஐடி என்ற இலக்கம். அழித்துவிட்டு அதே பெயரில், அதே சேர்விலக்கத்தில் புதிதாகப் போட்டாலும் இடாப்பின் கணக்கில் அது வேறு பிள்ளை. ஒருமுறை, பாடசாலை விட்டுப் போனதாகப் பட்டியலில் வந்த தரம் 11 பிள்ளையின் கணக்கை அழித்தேன். பிள்ளை காய்ச்சலில் இருந்து மூன்று வாரத்தில் திரும்பி வந்தது, செயற்றிட்டம் முழுக்கப் பழைய கோப்புறையில்.

அக்டிவ் டிரெக்டரியின் ரீசைக்கிள் பின் முன்கூட்டியே இயக்கப்பட்டிருந்தால் சாதாரணமாக 180 நாளுக்குள் அதே கணக்கை, அதே எஸ்ஐடியோடு, குழுக்களோடு மீட்கலாம். சேர்வர் 2008 ஆர் 2 தொடங்கி இந்த வசதி இருக்கிறது, ஆனால் நாமாகப் போய் இயக்கினால்தான் வேலை செய்யும். நான் அன்று இயக்கியிருக்கவில்லை. கோப்புறையின் செக்யூரிட்டிப் பக்கத்தைத் திறந்தேன். பிள்ளையின் பெயர் இருந்த இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட இலக்கம் ஒன்று, யாரென்று சொல்ல ஆளில்லாமல் நின்றது. உரிமையை நான் எடுத்து, புதுக் கணக்குக்கு அனுமதி கொடுத்து, உள்ளே உள்ள கோப்புகளுக்கும் அது இறங்கும்படி செய்து, பழைய இலக்கத்தை நீக்கினேன். பதினைந்து நிமிட வேலை. இப்போது விலகும் பிள்ளைகளின் கணக்கை டிசேபிள் செய்து தனி ஓயூவில் போட்டு, அடுத்த ஜனவரி வரை தொடுவதில்லை.